பாட்டிலில் அடைத்த மூலிகையும் இரத்தத்தின் ஜீவனும்



சென்ற மாதம் மும்பையிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் கிடைத்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடி வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மாநகரத்தில் குடியிருந்து, சபையில் உண்மையாய் ஆராதித்து வரும் குடும்பம் அவர்களுடையது. அவர்களுடைய மகள் இப்பொழுது ஏழு மாதக் கர்ப்பிணி. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 என்று வந்திருக்கிறது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் சாப்பிட்டதும் வயிற்றுப் பிரட்டலும் மலச்சிக்கலும் உண்டாயின, மலம் கறுத்துப்போனது. பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த வேளையில்தான் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு சகோதரி, மூலிகைச் சாறு அடைத்த பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். விலை 1,650 ரூபாய். "ஆன்டி-ஆக்ஸிடன்ட் நிறைந்தது, இரத்த அணுக்களைப் பாதுகாத்துப் புதுப்பிக்கும்" என்று அதனோடு வந்த தாளில் அச்சிடப்பட்டிருந்ததாம். ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டது என்று படமும் போட்டிருந்ததாம். இரண்டு பாட்டில்கள் முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தாயார் கேட்கும் கேள்வி இதுதான்: "ஐயா, மனுஷர் செய்த இரசாயன மாத்திரையைவிடத் தேவன் படைத்த பச்சிலை மேலானதல்லவா? மாத்திரையை விட்டது சரிதானே?"

காரியம் காத்திருக்கக் கூடியதல்ல என்பதால், மகளை உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்று சிகிச்சையைத் தொடரும்படி அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன். ஆனாலும் இதே பாட்டில் இன்று நம்மில் அநேகருடைய வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆகையால் அதன் காரணத்தை எல்லாரும் அறியும்படி இந்த மாதம் விளக்கமாக எழுதுகிறேன்.

சிவப்பணு என்னும் ஊழியக்காரன்

இரத்தத்திலே மாம்சத்தின் உயிர் இருக்கிறதென்று லேவியராகமம் 17-ஆம் அதிகாரம் நமக்குப் போதிக்கிறது. அந்த இரத்தத்தின் ஒரு சிறு துளியிலே, ஒரு கனமில்லிமீட்டர் அளவிலே, சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. நம்முடைய எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. ஒவ்வொன்றும் சுமார் 120 நாட்கள் ஓடி உழைத்து, பின்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைக்கப்படுகிறது.

இந்தச் சிவப்பணு ஒரு விசேஷித்த படைப்பு. மற்ற அணுக்களுக்கு இருக்கும் உட்கரு இதற்கு இல்லை. ஆகவே பழுதுபட்ட பாகத்தைப் புதிதாய்ச் செய்துகொள்ள இதனால் கூடாது. தன் உள்ளிடம் முழுவதையும் ஹீமோகுளோபினுக்கே ஒப்புக்கொடுத்துவிட்டு, நுரையீரலிலிருந்து ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டுபோய்ச் சரீரத்தின் ஒவ்வொரு மூலைக்கும் சேர்ப்பதே இதன் ஊழியம். ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உண்டு. ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உண்டு. இந்த இரும்பைப் பற்றித்தான் நாம் பின்னால் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

துருவும் கேடயமும்

மழையில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கிறதை அறிவீர்கள். நறுக்கிய வாழைப்பூவை மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போவதையும் நம்முடைய தாய்மார்கள் அறிவார்கள். இரண்டுமே ஆக்ஸிஜனின் வேலை. ஜீவன் தரும் அதே ஆக்ஸிஜன், கட்டுப்பாடில்லாமல் வினைபுரிந்தால் அழிவையும் உண்டாக்கும்.

ஆக்ஸிஜனையும் இரும்பையும் ஒருங்கே சுமக்கும் சிவப்பணுவுக்கு இந்த ஆபத்து மிகவும் அதிகம். ஒவ்வொரு நாளும் நம்முடைய ஹீமோகுளோபினில் 3 சதவீதம் வரை தானாகவே ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. அப்போது "ஃப்ரீ ராடிக்கல்" எனப்படும் நிலையற்ற துகள்கள் பிறக்கின்றன. அவை அணுவின் மேற்சவ்விலுள்ள கொழுப்பைத் தாக்கி அதை விறைக்கச் செய்யும். தாக்குதல் மிஞ்சினால் அணு உடைந்துபோகும்.

ஆனால் சிருஷ்டிகர் சிவப்பணுவைக் கேடயமில்லாமல் அனுப்பிவிடவில்லை. சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்னும் நொதிகளை அதற்குள்ளேயே வைத்திருக்கிறார். முன்பெல்லாம் காயத்தின்மேல் ஹைட்ரஜன் பெராக்ஸைடு மருந்தை ஊற்றினால் பொங்கி நுரைக்குமே, நினைவிருக்கிறதா? இரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கிற கேட்டலேஸ் அந்தப் பெராக்ஸைடை நொடியில் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிடுவதால் உண்டாகும் நுரை அது. பாட்டில் வாங்குவதற்கு முன்னமே நமக்குள் இருக்கிற ஆன்டி-ஆக்ஸிடன்ட் இதுவே. இதன் வேகத்துக்கு ஈடான மூலிகைச் சாறு எந்தக் கடையிலும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

அப்படியானால் "ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று அச்சிட்டிருக்கிறார்களே, அது பொய்யா? பொய்யென்று சொல்லமாட்டேன். நெல்லிக்காய், துளசி, மஞ்சள், முருங்கை இலை, சீந்தில் முதலான அநேக மூலிகைகளின் சாற்றை இவ்விதமாய்ச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை எப்படிச் செய்யப்படுகிறதென்று அறிந்துகொள்ளுங்கள்.

இரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றுவார்கள். அடியில் படியும் சிவப்பணுக்களைமட்டும் வைத்துக்கொண்டு, மேலே நிற்கும் பிளாஸ்மா நீரைக் கொட்டிவிட்டு, உப்புநீரில் இரண்டு மூன்று முறை கழுவுவார்கள். ஒரு குழாயில் அணுக்களைமட்டும், இன்னொரு குழாயில் அணுக்களோடு மூலிகைச் சாற்றையும் வைத்து, இரண்டிலும் பெராக்ஸைடு போன்ற ஒரு தாக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். அணுக்கள் உடைந்தால் ஹீமோகுளோபின் வெளியே கசிந்து நீர் சிவக்கும். எவ்வளவு சிவந்தது என்று ஒளியைச் செலுத்தி அளப்பார்கள். சாறு சேர்த்த குழாயில் குறைவாகச் சிவந்தால், அந்தச் சாறு அணுக்களைக் காத்தது என்று எழுதுவார்கள்.

இது பயனுள்ள, நேர்மையான சோதனைதான். எந்தச் செடியை மேற்கொண்டு ஆராயலாம் என்று இது வழிகாட்டும். ஆனால் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, இங்கே கழுவி ஊற்றப்பட்ட பிளாஸ்மாவில்தான் யூரிக் அமிலம், வைட்டமின் சி, ஆல்புமின் ஆகிய காவலர்கள் இருக்கிறார்கள். காவலர்களை வெளியே அனுப்பிவிட்டு, காவல் இல்லாத அணுக்களுக்குச் சாறு உதவியது என்பதே முடிவு. இரண்டாவது, குழாய்க்குள் சாறு நேரடியாக அணுவைத் தொடுகிறது. நம் சரீரத்திலோ அது இரைப்பையையும் குடலையும் கல்லீரலையும் கடந்தாக வேண்டும்.

குழாயிலிருந்து சரீரத்துக்கு

அந்தப் பயணத்தில்தான் பெரும்பாலான சாறுகள் தங்கள் வல்லமையை இழந்துபோகின்றன. மஞ்சளிலுள்ள குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக்குழாயில் அது சிறந்த ஆன்டி-ஆக்ஸிடன்ட். ஆனால் கிராம் கணக்கில் விழுங்கினாலும் இரத்தத்தில் சேருவது மிகச் சொற்பமே. மற்றதெல்லாம் கழிவோடு போய்விடும், அல்லது கல்லீரலில் உருமாறிவிடும்.

அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு காலத்தில் பழங்கள், வாசனைப் பொருட்கள் ஒவ்வொன்றுக்கும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் மதிப்பெண் போட்டு ஒரு பட்டியலை வெளியிட்டிருந்தது. வியாபாரிகள் அந்த மதிப்பெண்களைக் காட்டியே பொடிகளையும் சாறுகளையும் விற்றார்கள். குழாயில் கிடைக்கும் அந்த எண்ணுக்கும் மனிதருடைய ஆரோக்கியத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று கண்டு, 2012-இல் அந்தத் துறையே பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இன்னும் ஒரு பாடம் உண்டு. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் புகழ்பெற்ற ஆன்டி-ஆக்ஸிடன்ட். பின்லாந்து தேசத்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக்கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. மாத்திரையாகப் பீட்டா கரோட்டினைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற இன்னொரு ஆய்வையும் 1996-இல் பாதியிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. கேரட் சாப்பிடுகிறவன் கெட்டுப்போகவில்லை; அதன் ஒரு பொருளைமட்டும் பிரித்தெடுத்து மிகுதியாய் விழுங்கியபோதுதான் தீங்கு நேர்ந்தது.

அந்தச் சகோதரிக்குக் குறைவுபட்டது எது?

இப்பொழுது நம்முடைய கர்ப்பிணிச் சகோதரியிடம் வருவோம். அவருடைய சிவப்பணுக்கள் துருப்பிடித்து உடைந்துபோகின்றன என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அணுக்களைச் செய்யும் பட்டறைக்குப் போதிய இரும்பு வந்துசேரவில்லை என்பதே அவருடைய குறை. கட்டிடத்துக்குச் செங்கல் இல்லாதபோது, சுவருக்குப் பூசும் வர்ணத்தை வாங்கிக் குவித்தால் வீடு எழும்புமா?

கர்ப்பகாலம் முழுவதற்கும் சேர்த்து ஒரு தாய்க்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. குழந்தையும் நச்சுக்கொடியும் தங்கள் பங்கைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் கர்ப்பிணிக்கு இரத்தசோகை என்பது கணக்கு. 7-க்கும் 10-க்கும் இடையே இருந்தால் நடுத்தரமானது. 7-க்குக் கீழே போனால் கடுமையானது. நம் தேசத்தில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. பிரசவத்தில் எந்தத் தாய்க்கும் இரத்தம் போகும். கையிருப்பு உள்ளவள் அதைத் தாங்கிக்கொள்வாள். இல்லாதவளுக்கு அதுவே உயிராபத்தாக முடியும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மூலிகைச் சாறுகளுக்கு உயர்ந்த ஆன்டி-ஆக்ஸிடன்ட் மதிப்பெண்ணைக் கொடுப்பது பெரும்பாலும் அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருட்கள்தாம். தேநீரிலும் அவை இருக்கின்றன. அவை குடலிலே இரும்பைப் பிடித்துக் கட்டிவைத்து, இரத்தத்தில் சேரவொட்டாமல் தடுக்கும். ஆகவே உணவுக்குப் பின் அந்தச் சாற்றைக் குடிக்கும் கர்ப்பிணி, கீரையிலும் பயற்றிலும் கிடைக்கிற கொஞ்ச இரும்பையும் இழந்துபோகக்கூடும். இரத்தத்தைக் காக்கும் என்று வாங்கியது இரத்தம் ஊறுவதையே தடுக்கலாம். மாத்திரையை விட்டது ஒரு நஷ்டம்; சாற்றைப் பிடித்தது இரண்டாவது நஷ்டம்.

"இரசாயனம்" என்ற சொல்லுக்குப் பயப்படவேண்டாம். மாத்திரையிலுள்ள இரும்பும் தேவன் பூமியில் வைத்த இரும்புதான். அவர் தம்முடைய ஜனத்துக்கு வாக்குப்பண்ணிய தேசத்தின் கற்களில் இரும்பு இருந்ததாக உபாகமம் 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே.

பானைக்குள் இருந்த மரணம்

"பச்சிலைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தை நினைப்பூட்டுகிறேன். கில்காலிலே பஞ்சம் உண்டாயிருந்தபோது, தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவன் கீரை பறிக்க வெளியே போனான். பேய்க்கொம்மட்டிக் காய்களைக் கண்டு, இன்னதென்று அறியாமலே பறித்துவந்து கூழ்ப்பானையில் அரிந்து போட்டான். அவன் துரோகி அல்ல. பசித்திருந்த சகோதரருக்கு உணவளிக்க விரும்பிய நல்லவன்தான். அது செயற்கைப் பொருளும் அல்ல. வயல்வெளியில் தானாய் விளைந்த செடிதான். ஆனாலும் அது பானைக்குள் மரணமாயிற்று. கேடு வந்தது அறியாமையினாலே.

இரத்த அணுக்களின் காரியத்தில் இப்படிப்பட்ட அறியாமைக்கு ஒரு உதாரணம் சொல்லுகிறேன். உலகத்தில் சுமார் 40 கோடிப் பேருக்கு ஜி6பிடி என்னும் நொதி பிறப்பிலேயே குறைவுபட்டிருக்கிறது. நம் தேசத்திலும் பல சமூகங்களில் இது உண்டு. நான் முன்சொன்ன கேடயத்தைத் தினந்தோறும் புதுப்பித்துக் கொடுக்கும் நொதி இதுவே. இந்தக் குறை தாயின் வழியாய் வருவது. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைப் பாதிப்பது. பிரிமாகுயின் என்னும் மலேரியா மாத்திரை சிலருடைய சிவப்பணுக்களைமட்டும் உடைப்பது ஏனென்று ஆராய்ந்தபோது, 1956-இல் இக்குறை கண்டறியப்பட்டது. மலேரியா வந்துபோகும் மும்பை, சூரத் போன்ற நகரங்களில் குடியிருப்போர் இந்தப் பெயரை அறிந்திருப்பது நல்லது.

இந்தக் குறையுள்ளவர் சாதாரண நாட்களில் சுகமாகவே இருப்பார். ஆனால் சில பொருட்கள் உள்ளே போனால் இரண்டு மூன்று நாட்களுக்குள் சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாய் உடையும். கண்ணும் தோலும் மஞ்சளாகும்; சிறுநீர் கறுந்தேநீர் போலாகும்; முகம் வெளிறிப்போகும். அப்படிப்பட்ட பொருட்களில் ஒன்று நம்முடைய மருதாணி. அதற்குச் சிவப்பு நிறம் தரும் லாசோன் என்னும் பொருள், ஜி6பிடி குறைவுள்ள பச்சைக்குழந்தையின் தோல்வழியாய் ஊடுருவி அணுக்களை உடைக்கும். வளைகுடா நாடுகளில் குழந்தைகளுக்கு மருதாணி பூசியதால் இவ்விதமாய் நேர்ந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று புகழப்படும் வைட்டமின் சி-யையே பெரும் அளவில் நரம்பு வழியாய் ஏற்றியபோது, இக்குறையுள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்ததுண்டு. அளவு மிஞ்சினால் காக்கிறதே தாக்குகிறதாக மாறும்.

மூலிகை அல்லாத ஒரு பொருளையும் இங்கே எச்சரிக்கிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் பழைய வேட்டி, சேலைத் துணிகளை மடித்து, பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போட்டு வைத்திருப்போம். பிரசவ நேரத்தில் அதை எடுத்து அப்படியே குழந்தையைச் சுற்றுவோம். அந்துருண்டையிலுள்ள நாப்தலீனும் இக்குறையுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். எண்ணெய் தேய்த்த மேனியில் அது இன்னும் எளிதாய் ஏறும். பிறந்த குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை கண்டால் மூளையே பாதிக்கப்படலாம். ஆகையால் பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் பாட்டிமார்களே, அந்தத் துணிகளை எடுத்துவைத்துவிட்டு, துவைத்து வெயிலில் உலர்த்திய சுத்தமான பருத்தித் துணியை ஆயத்தம் பண்ணுங்கள்.

கலப்படத்தின் ஆபத்தும் உண்டு. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2011, 2012 ஆண்டுகளில், இந்தியாவிலிருந்து போன ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிட்ட 6 கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததைக் கண்டறிந்தது. ஈயம் ஹீமோகுளோபின் உருவாவதையே தடுக்கும். நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் மூளையையும் சேதப்படுத்தும். எல்லா மூலிகை மருந்தும் அப்படிப்பட்டதென்று நான் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாததைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாகாது என்றே சொல்லுகிறேன்.

பச்சிலைக்குத் தேவன் தந்த மேன்மை

இதனால் நான் மூலிகைகளைத் தள்ளுகிறேன் என்று எண்ணாதிருங்கள். நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியை அறிவீர்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் என்னும் மருந்து 1963 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தால் மரணம் நிச்சயம் என்றிருந்தது. இன்று மற்ற மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்து அநேகப் பிள்ளைகளைக் குணமாக்குகிறார்கள். ஆனால் மருத்துவர் அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார். அதே செடியின் இலையை அரைத்துக் குடித்தால் எலும்பு மஜ்ஜையே கெட்டுப்போகலாம்.

சீன தேசத்தில் து யூயூ என்னும் அம்மையார் ஒரு மாசிப்பத்திரி இனச் செடியிலிருந்து 1972-இல் ஆர்ட்டிமிசினின் என்னும் மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்தார். அதற்காக 2015-இல் நோபல் பரிசு பெற்றார். அது சிவப்பணுவுக்குள் ஒளிந்திருக்கும் மலேரியாக் கிருமியை எப்படிக் கொல்லுகிறது தெரியுமா? அங்குள்ள இரும்போடு வினைபுரிந்து, ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கியே கொல்லுகிறது! இரத்தத்துக்கு மிகவும் உதவிய ஒரு மூலிகைப் பொருள், ஆன்டி-ஆக்ஸிடன்டுக்கு நேர் எதிரான வழியில் வேலை செய்கிறது. ஆகவே அந்த ஒரு சொல்லைக் கேட்டவுடனே பணப்பையைத் திறந்துவிடாதிருங்கள். செடி இன்னது, அளவு இவ்வளவு, நோய் இன்னது, மனிதரில் சோதித்த பலன் இன்னது என்று கேளுங்கள்.

வீட்டில் கைக்கொள்ள வேண்டியவை

இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. வயிற்றைப் பிரட்டினால் இரவு உணவுக்குப் பின் சாப்பிடலாமா, வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதிருங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பிரசவம் நெருங்கியவர்களுக்கும் நரம்பின் வழியாய் இரும்பை ஏற்றும் முறையும் உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் நகராட்சி மருத்துவமனைகளிலும் கர்ப்பிணிகளுக்கு இம்மாத்திரைகளை இலவசமாகவே கொடுக்கிறார்கள்; 180 நாட்கள் சாப்பிடவேண்டுமென்பது அரசின் திட்டம்.

மாத்திரையைத் தேநீரோடும் பாலோடும் சாப்பிடாதிருங்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாய்ச் சேரும். உணவோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ இருக்கட்டும். அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலை, முட்டை, மீன், ஆட்டு ஈரல் ஆகியவற்றை உங்கள் வசதிக்கேற்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிகுதியாய் இருப்பதால் கர்ப்பிணிகள் அதைமட்டும் மருத்துவரைக் கேட்டே சாப்பிடவேண்டும். அந்த 1,650 ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு எத்தனை முட்டையும் கடலையும் வாங்கலாமென்று கணக்குப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மறைக்காதிருங்கள். அதன் சீட்டை வாசித்துப் பாருங்கள். உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுகிற ஒவ்வொன்றிலும் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சிடவேண்டுமென்பது நம் தேசத்தின் சட்டம். மேடையில் பேசுகிறவர் சொல்லாததைச் சிறிய எழுத்து சொல்லிவிடும்.

எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. பரம்பரையாய் வரும் தலசீமியாவும், குடற்புழுவும், பி12 குறைவும் காரணமாகலாம். மாத்திரை சாப்பிட்டும் ஒரு மாதத்தில் அளவு ஏறாவிட்டால் மறுபரிசோதனை அவசியம். குழந்தை பிறந்தபின் மஞ்சள் அதிகமாய்த் தெரிந்தால் வெயிலில் காட்டிக்கொண்டிராமல் அன்றைக்கே கொண்டுபோங்கள்; ஜி6பிடி பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள்.

சபைப் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் தாழ்மையாய் ஒரு வார்த்தை. இரத்தம் குறைந்த கர்ப்பிணிச் சகோதரிகள் உபவாச ஜெபத்தில் பட்டினியாய் இருக்காதபடி அன்பாய்ச் சொல்லுங்கள். அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபிக்கட்டும். ஆராதனை முடிந்ததும் சபையின் வாசலில் சரக்கு விற்கப்படுவதையும் சற்றுக் கவனியுங்கள். விற்கிற சகோதரியும் வயிற்றுப்பாட்டுக்காகவே அலைகிறார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் ஒரு விசுவாசி இன்னொரு விசுவாசியின் வார்த்தையை நம்பித் தன் மருந்தை நிறுத்துகிறார் என்றால், அந்த நம்பிக்கைக்கு நாம் உத்தரவாதிகளாய் இருக்கிறோம்.

எசேக்கியா இராஜா வியாதிப்பட்டபோது கண்ணீரோடே ஜெபித்தார். கர்த்தர் அவருடைய ஜெபத்தைக் கேட்டார். அப்படியிருந்தும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் வைக்கச் சொன்னார். ஜெபம் மருந்தைத் தள்ளவில்லை; மருந்து ஜெபத்தைத் தள்ளவில்லை. அது என்ன பழம், எங்கே வைக்கவேண்டும் என்பதையும் அவர்கள் தெளிவாய் அறிந்திருந்தார்கள்.

அந்தத் தாயாரிடமிருந்து மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. மகளை மருத்துவரிடம் அழைத்துப்போய்விட்டார்கள். வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது வயிறு பிரட்டவில்லையாம். மூன்றாவது பாட்டில் பாதியோடு அலமாரியில் நிற்கிறதாம். அது அங்கேயே நிற்கட்டும். அந்தச் சகோதரிக்குச் சுகப்பிரசவம் உண்டாகவும், தாயும் சேயும் நலமாயிருக்கவும் நாம் யாவரும் ஜெபத்தில் தாங்குவோமாக.

கர்த்தர்தாமே உங்கள் ஆவி ஆத்துமா சரீரம் முழுவதையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.